குடும்ப விளையாட்டுகள் (வீட்டிலும் நூலகத்திலும்)

வயதும் திறமையும் ஒத்துப்போகாதவர்கள் ஒரே பலகையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களைக் குடும்ப விளையாட்டுகள் என்கிறோம். தாத்தா, பேத்தி, அத்தை, பக்கத்து வீட்டுப் பையன் ஆகியோரில் யார் வேண்டுமானாலும் வெல்லலாம் என்ற நம்பிக்கை கடைசிவரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேத்தி பாதியில் எழுந்து போய்விடுவாள். பணம் வைத்து ஆடும் சீட்டு, தனியே அமர்ந்து ஆடும் கைபேசி ஆட்டங்கள், திடல் வேண்டும் ஓட்ட ஆட்டங்கள் ஆகியவை இக்கட்டுரையில் சேரா. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி, பரமபதம், கேரம், அச்சிட்ட பெட்டி ஆட்டங்கள் என்பனவே இங்குப் பேசப்படுகின்றன. வீட்டுத் திண்ணைக்கும் கூடத்துக்கும் உரிய இவ்வாட்டங்கள் பல நாடுகளில் பொது நூலகங்களுக்குள்ளும் இடம்பிடித்துள்ளன.

வகைப்பாடு

பலகை ஆட்டங்களை ஒழுங்காக வகைப்படுத்தியவர்களுள் தலையாயவர் எச். ஜே. ஆர். மரே. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மரேயின் மகன். 1913-இல் சதுரங்க வரலாற்றைப் பெருநூலாக எழுதிய இவர், சதுரங்கம் தவிர்த்த பலகை ஆட்டங்களின் வரலாற்றை 1952-இல் தனி நூலாக வெளியிட்டார். ஆட்டங்கள் அதில் ஐந்து வகைகளில் அடங்கின. காய்களை வரிசையாகச் சேர்ப்பவை முதல் வகை. இரு படைகள் மோதிக்கொள்பவை இரண்டாவது. ஒருவர் வேட்டையாட மற்றவர் தப்புவது மூன்றாவது. யார் முதலில் சேருவது என்ற பந்தயம் நான்காவது. குழிகளில் விதை இட்டு எண்ணுபவை ஐந்தாவது. தமிழ்நாட்டு ஆட்டங்கள் இந்தச் சட்டகத்தில் இடறாமல் பொருந்துகின்றன. ஆடுபுலி வேட்டையிலும், தாயமும் பரமபதமும் பந்தயத்திலும், பல்லாங்குழி விதை ஆட்டத்திலும் சேரும். சுண்டி ஆடும் கேரமுக்கு மட்டும் இடமில்லை.

மரே ஆட்டத்தின் உள்ளமைப்பைப் பார்த்தார். நூலகங்கள் பார்ப்பது வேறு. மெல்வில் டூயி 1876-இல் தொடங்கிய பத்துப் பகுப்பு முறையில் இன்று 793 வீட்டுக்குள் நடக்கும் பொழுதுபோக்குகளுக்கும், 794 திறமை ஆட்டங்களுக்கும், 795 அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கும், 796 திடல் விளையாட்டுகளுக்கும் உரியன. சதுரங்கம் 794.1-இல் நிற்கும். பகடை 795.1-க்கும் சீட்டு 795.4-க்கும் போய்விடும். மின்னணு ஆட்டங்கள் 794.8-இல் திறமை ஆட்டங்களாகவே வைக்கப்பட்டுள்ளன.

திறமையையும் அதிர்ஷ்டத்தையும் இப்படிக் கோடு கிழித்துப் பிரிப்பது சூதாட்டச் சட்டத்துக்குப் பயன்படும். ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்ததும் இந்தக் கோட்டின் மேல் நின்றுதான். குடும்ப ஆட்டங்களுக்கு இது உதவாது. தாயத்தில் கட்டை விழுவது அதிர்ஷ்டம். விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது திறமை. இரண்டும் கலந்திருப்பதால்தான் பேத்திக்கும் தாத்தாவுக்கும் அது ஒரே ஆட்டமாகிறது.

பிரெஞ்சு அறிஞர் ரொஜே கையுவா 1958-இல் போட்டி, தற்செயல், பாவனை, தலைசுற்றல் என்று நான்காகப் பகுத்தார். குழந்தைகள் கிறுகிறுவெனச் சுற்றி விழுவதற்கும் அவர் ஓர் இடம் ஒதுக்கியது பாராட்டத்தக்கது. அமெரிக்க நூலகவியல் ஆசிரியர் ஸ்காட் நிக்கல்சன் 2010-இல் வெளியிட்ட நூலக விளையாட்டுக் கையேட்டில் கூடிப் பழகும் ஆட்டம், கதை ஆட்டம், உடல் ஆட்டம், அறிவு ஆட்டம், உத்தி ஆட்டம் என ஐந்தாக வைத்தார். அரங்கில் யாரைக் கூட்ட விரும்புகிறோம் என்று முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ற ஆட்டத்தை நூலகர் தேர வேண்டும் என்பது அவர் கருத்து.

தமிழில் இவ்வேலையை முன்பே செய்தவர் ஞா. தேவநேயப் பாவாணர். 1954-இல் வந்த அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ ஆண்பால், பெண்பால், இருபால் என முதலில் பிரிகிறது. பிறகு ஆடுவோரின் வயது வருகிறது. அதற்கும் உள்ளே பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு என்று பொழுது வருகிறது. பலகை எப்படி இருக்கிறது, கட்டை உண்டா என்பவை அவருக்கு அடுத்த நிலைதான். யார் யாரோடு, எந்த வேளையில் ஆடுகிறார்கள் என்பதே முதல் கேள்வி. மேலைநாட்டு முறைகளுக்கு இல்லாத தெளிவு இதில் உண்டு. வீட்டு ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்ப்பதும் எத்தனை பேர் இருக்கிறோம், சின்னவனுக்கு எத்தனை வயது, சமையல் ஆக எவ்வளவு நேரம் என்பவற்றைத்தானே! இன்றைய பெட்டி ஆட்டங்களின் மேலட்டையில் ஆடுவோர் எண்ணிக்கை, வயது, நிமிடம் ஆகிய மூன்றும் அச்சிடப்படுவது பாவாணரின் வழியை நெருங்கிவருகிறது. அவருடைய ஆண், பெண் பிரிவு மட்டும் இன்றைய வீடுகளுக்குப் பொருந்தாது.

தொன்மை

கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக் காய்களும் தந்தப் பகடையும் கிடைத்துள்ளன. வைகைக் கரையில் பழங்காலத்திலேயே பகடை உருண்டதற்கு இவை சான்று. எழுத்துச் சான்று புறநானூற்றில் உள்ளது. அதன் 52-ஆம் பாட்டில் பாழ்பட்ட ஊர்ப் பொது மன்றம் ஒன்று வருகிறது. நரைத்த முதியவர்கள் வல்லு என்ற ஆட்டத்தை ஆடக் காய் வைத்து வைத்துத் தரை குழிந்துபோயிருக்கிறது. ஆட ஆளில்லாத அந்தக் குழியில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. ஊர் அழிந்ததைச் சொல்ல ஆட்டம் நின்றுபோனதைக் காட்டியிருக்கிறார் புலவர். வல்லு எப்படி ஆடப்பட்டது என்பதற்கான விதிகள் அப்பாட்டில் இல்லை. முதியோர் பொது இடத்தில் கூடி ஆடினர் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. திருக்குறள் சூதுக்கு ஓர் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கிக் கண்டித்திருக்கிறது. அக்கண்டனம் பொருளை வைத்து இழக்கும் ஆட்டத்துக்கே உரியது. திண்ணைத் தாயத்துக்கு அன்று.

முகலாயர் காலத்துச் சௌபர் என்ற பந்தய ஆட்டத்தை அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’ விவரிக்கிறது. ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அதன் உறவான பச்சீசியின் கட்டம் தரையிலேயே அமைந்துள்ளது. இவ்வினத்தின் வழிவந்ததுதான் 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ. கட்டையும் சோழியும் போய்க் கனசதுரப் பகடையும் குலுக்கும் குவளையும் வந்தன. அந்த வேடத்திலேயே இந்திய வீடுகளுக்கு அது திரும்பியும் வந்தது.

ஆட்டங்களை ஆவணப்படுத்திய அரசர் என்றால் மைசூரின் மும்முடிக் கிருஷ்ணராஜ உடையாரை (1794–1868) முதலில் சொல்ல வேண்டும். அவர் ஆதரவில் உருவான ‘ஸ்ரீதத்துவநிதி’யின் கடைசிப் பகுதியான கௌதுகநிதி முழுக்க ஆட்டங்களைப் பற்றியது. பிரிட்டிஷார் ஆட்சியைப் பறித்துக்கொண்ட பின் மன்னருக்கு இதற்கு நேரமும் கிடைத்தது. அவரே புதிய பலகைகளையும் சீட்டு வகைகளையும் வகுத்தார்.

வீட்டு ஆட்டங்கள்

தாயம். தரையில் சாக்குக் கட்டியால் கட்டம் கிழிக்கிறார்கள். பெருக்கல் குறியிட்ட கட்டங்கள் மலை. அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. வளையல் துண்டு, புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல் என்று ஆளுக்கு ஒரு வகைக் காய். உருட்டுவதற்கு நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெறும் பக்கமும் இருக்கும். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு இடையே ‘கிணுகிணு’வென்று தேய்த்துத் தரையில் விடுவார்கள். சுவரில் சாய்ந்து நின்ற கட்டை செல்லுமா செல்லாதா என்பதில் தொடங்கும் வாக்குவாதம் அந்த ஆட்டத்தோடு முடிவதில்லை.

இரு கட்டைகள் விழும் வகைகள் மொத்தம் 16. ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியாகவும் விழுந்தால் தாயம். இது 16-இல் இரு முறைதான் நேரும். தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும் என்பதால் சராசரியாக எட்டு உருட்டல் காத்திருக்க வேண்டும். பாதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. இரண்டும் மும்மூன்றானால் ஆறு. இவை 16-இல் ஒவ்வொரு முறை. ஐந்து இரு முறை. அதிகம் விழுவது மூன்று. அதற்கு நான்கு வழிகள் உண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஆக, எட்டு உருட்டலுக்கு மூன்றில் மறுவாய்ப்பு கிடைக்கிறது. எதிரியின் காயை ஒரு முறையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழையக் கூடாது என்ற விதி பல ஊர்களில் உண்டு. சண்டையே வேண்டாம் என்று மலைக்கு மலை தாவும் எச்சரிக்கைக்காரரையும் வெட்ட வைப்பது இவ்விதிதான். நடுக்கட்டத்தை அடைந்த காய் பழம்.

பல்லாங்குழி. இரு வரிசையில் ஏழேழு குழிகள். மடிக்கும் மரப்பலகை பொதுவானது, பித்தளையிலும் உண்டு. பெண்ணுக்குத் தரும் சீர்வரிசையில் இது சேர்ந்திருந்தது. குழிக்கு ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று ஊர் வழக்கப்படி புளியங்கொட்டையோ சோழியோ குன்றிமணியோ இடுவார்கள். ஒரு குழியிலிருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கப்பால் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிரிக்கு விட வேண்டும். குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். அடுத்த சுற்றில் நிரப்ப முடியாத குழிகள் மூடப்படும். கை தேர்ந்த பாட்டிமார் விரல் நுனியால் குழியை ஒரு தொடு தொட்டே எத்தனை இருக்கின்றன என்று சொல்லிவிடுவர். கட்டை இல்லாத இவ்வாட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. ஆயினும் சுற்று நீள நீள எண்ணிக்கை தலைக்குள் நிற்காமல் போவதால், சிறுமியும் எதிர்பாராமல் ஒரு கொழுத்த குழியை அள்ளிவிடுகிறாள். இலங்கையில் சிங்களவர் குன்றிமணியிட்டுப் புத்தாண்டில் ஆடும் ஒலிந்த கெலிய, மலேசியாவின் சொங்காக் ஆகியவை இதன் உறவினங்கள். ஆப்பிரிக்கா முழுவதும் இவ்வினம் பரவியுள்ளது.

ஆடுபுலி. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளிகள். கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் இக்கட்டம் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஆடுகளை முதலில் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் கூடிப் புலிகளை அடைத்துவிட்டால் வெற்றி அவற்றுக்கு. இரு தரப்பும் சமமில்லாத ஆட்டம் என்பதால் விளையாடத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் இதில் ஒரு வசதி உண்டு. பழகும் பிள்ளையிடம் புலியைக் கொடுத்துவிட்டுப் பெரியவர் ஆடுகளை வைத்துக்கொள்வார். நேபாளத்தின் பாக்சால் இதன் தம்பி முறை. அங்கு நான்கு புலியும் இருபது ஆடும் உண்டு.

பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்படுவது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம். உச்சியில் திருமாலின் உலகம். ஞானச் சௌபர் என்ற பெயரில் சமணர், வைணவர், சூஃபிகள் எனப் பலரும் தத்தம் சமயத்துக்கேற்ற பலகைகளை வைத்திருந்தனர். ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்டு 1985-இல் இப்பலகைகளை விரிவாக ஆராய்ந்தார். சமணப் பலகையில் 84 கட்டங்களும் வைணவப் பலகையில் 72 கட்டங்களும் பெரும்பான்மை. 1892-இல் லண்டனில் அயர்ஸ் நிறுவனம் இதைக் குழந்தைகள் ஆட்டமாக்கியது. 1943-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பை எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. பரமபதத்தில் தேர்வு என்பதே கிடையாது. எண் விழுந்தபடி போக வேண்டியதுதான். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் முழுச் சமநிலையில் மோதும் ஒரே பலகை இது.

கேரமுக்குத் தமிழ்நாட்டில் தனிச் செல்வாக்கு உண்டு. சென்னையின் மரிய இருதயம் இருமுறை உலகச் சாம்பியனாகி 1996-இல் அர்ச்சுனா விருது பெற்றார். அச்சிட்ட பெட்டி ஆட்டங்களுள் நம் வீடுகளில் அதிகம் புழங்கியது, இந்திய நகரங்களை விலைக்கு வாங்கும் பிசினஸ். அதன் மூதாதையான அமெரிக்க மோனோபொலி 1935-இல் பார்க்கர் சகோதரர்கள் வெளியிட்டது. அதற்கும் மூலம் லிஸ்ஸி மேகி 1904-இல் காப்புரிமை பெற்ற நிலக்கிழார் ஆட்டம். நில வாடகை ஏழைகளை எப்படி உறிஞ்சுகிறது என்று காட்ட அவர் செய்த பலகை, நில வாடகை வசூலித்து மகிழும் ஆட்டமாயிற்று.

நூலகத்தில்

நூலகத்துக்குள் விளையாட்டு வந்தது கணினி வந்த பிறகு என்று நினைப்பது தவறு. சான்பிரான்சிஸ்கோவில் 1854-இல் நிறுவப்பட்ட மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் நூலகத்தோடு சதுரங்க அறையையும் வைத்துக்கொண்டது. 1906 நிலநடுக்கத்தில் கட்டடம் அழிந்து, 1910-இல் புதிதாக எழுந்தது. சதுரங்க அறை இன்றும் இயங்குகிறது. பென்சில்வேனியாவின் பிராடாக்கில் 1889-இல் ஆண்ட்ரூ கார்னெகி திறந்த நூலகத்தில் பில்லியர்டு மேசைகளும் இரும்பாலைத் தொழிலாளர்களுக்கான குளியலறைகளும் இருந்தன. பின்னர் நீச்சல்குளமும் வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தின் சில பொது நூலகங்களில் நாளிதழ்களின் குதிரைப் பந்தயச் செய்திகளை மை பூசி மறைத்து மேசையில் வைத்தார்கள். ஆட்டம் நல்லதா கெட்டதா என்ற வழக்கில் நூலகங்கள் அப்போதே இரு பக்கமும் வாதாடியிருக்கின்றன.

ஆட்டங்களைப் பற்றிய நூல்களைச் சேர்த்ததிலும் நூலகங்களுக்குப் பங்குண்டு. கிளீவ்லாந்து வழக்கறிஞர் ஜான் ஜி. ஒயிட் 1928-இல் மறைந்தபோது தம் சதுரங்க நூல்கள் அனைத்தையும் அந்நகரப் பொது நூலகத்துக்கு விட்டுச் சென்றார். உலகின் மிகப் பெரிய சதுரங்கத் தொகுப்பு அது. மரே தம் 1913 நூலுக்கு ஒயிட்டிடமிருந்தே அரிய நூல்களையும் படிகளையும் பெற்றார்.

விளையாட்டுப் பொருளைப் புத்தகம் போல் இரவல் தருவது லாஸ் ஏஞ்சல்ஸில் 1935-இல், பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் தொடங்கியது. கடையில் சில்லறைச் சாமான்களைத் திருடிய சிறுவர்கள் பொம்மை செய்யவே அவற்றை எடுத்தார்கள் என்று தெரியவந்தது. தண்டிப்பதை விட்டு, பொம்மைகளை இரவல் தரும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்து வந்த பிள்ளைக்கு ஒரு பொம்மை சொந்தமாகவே கிடைத்தது. 1963-இல் ஸ்வீடனில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக லெகோடெக் என்ற விளையாட்டுப் பொருள் நூலகம் தோன்றியது. உலக நாடுகளின் விளையாட்டுப் பொருள் நூலகங்கள் பின்னர் ஒரு சங்கமாகவும் இணைந்தன.

பெட்டி ஆட்டத்தை இரவல் தருவதில் நூலகருக்குள்ள தலைவலி காய்கள். புத்தகத்தில் ஒரு தாள் போனால் அந்தப் பக்கம் மட்டும் போகும். ஆட்டத்தில் ஒரு பகடை போனால் பெட்டியே பயனற்றதாகும். மூடியின் உட்புறத்தில் காய்ப் பட்டியல் ஒட்டி, திரும்பி வந்ததும் எண்ணிப் பார்ப்பது ஒரு வழி. எண்ண நேரமில்லாத இடங்களில் பெட்டியைத் தராசில் வைத்து முன்பு குறித்த எடையோடு ஒப்பிடுகிறார்கள். குறைந்தால் மட்டும் திறந்து பார்ப்பார்கள்.

மிச்சிகனின் ஆன் ஆர்பர் மாவட்ட நூலகம் 2004-இல் நிகழ்பட ஆட்டப் போட்டிகளைத் தொடங்கியபோது வழக்கமாக நூலகத்தை எட்டிப் பார்க்காத பதின்பருவத்தினர் திரண்டனர். அமெரிக்க நூலகச் சங்கம் 2008 நவம்பர் 15-ஆம் நாளை விளையாட்டு நாளாக அறிவித்து நாடெங்கும் நூலகங்களை ஆட்டத்துக்குத் திறந்துவிட்டது. அது பின்னர் பன்னாட்டு நாளாகி, 2017-இல் ஒரு வாரமாக நீண்டது. நிகழ்பட ஆட்டங்களில் ஈர்ப்பு இருந்தாலும் ஒரு திரைக்கு முன் நால்வர் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பதும் ஒரு பலகையைச் சுற்றி நால்வர் முகம் பார்த்து உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வரும் மாலைகளுக்கு நூலகர்கள் பலகைகளையே அதிகம் எடுத்துவைக்கிறார்கள்.

இன்றைய நிலை

1948-இல் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கண்ட சென்னை மாகாணத்தின் வழிவந்த தமிழ்நாட்டில், 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதிகள் உண்டு. கிளை நூலகங்கள் பெரும்பாலும் நாளிதழ் மேசையோடு நிற்கின்றன. மரபு ஆட்டப் பலகைகளைச் சென்னையின் கிரீடா போன்ற நிறுவனங்கள் புதிதாகச் செய்து விற்கின்றன. தாயமும் பரமபதமும் கைபேசிச் செயலிகளாகவும் கிடைக்கின்றன. 2024 முதல் ஜூன் 11 ஐ.நா. அவையின் பன்னாட்டு விளையாட்டு நாள்.